எது முதலில் உடைய வேண்டும்?

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்கு ஏறும் மலைச் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பழைய கார் ஒன்றில் அந்த வளைவுகளைக் கடந்தவர்களுக்கு ஒரு சத்தம் பழக்கமாகியிருக்கும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் முன்சக்கரத்துப் பக்கமிருந்து ‘டக், டக், டக்’ என்று கேட்கும். வண்டி நேராகத் திரும்பியதும் நின்றுவிடும். ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சொன்னால் மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்க மாட்டார். ‘ஆக்ஸில் போயி’ என்று மலையாளத்தில் இரண்டே சொல்லில் முடித்துவிடுவார். ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் வழிந்து, மணல் புகுந்து, ஜாயிண்டுக்குள் இருக்கும் எஃகுக் குண்டுகள் தேய்ந்திருக்கும்.

இப்படித் தேய்வதற்கு ஆண்டுகள் பிடிக்கும். குடும்பக் கார் ஒன்றின் ஆக்ஸில் லட்சம் கிலோமீட்டர் ஓடியும் முறியாமல் இருப்பது சாதாரணம். ஆனால் அதே ஆக்ஸிலோடு காரைப் பந்தயத் தடத்தில் இறக்கி, எஞ்சினைக் கொஞ்சம் முடுக்கி, ஒட்டும் டயர் போட்டு, கிளட்ச்சைச் சட்டென்று விட்டால், முதல் ஸ்டார்ட்டிலேயே அது இரண்டாக முறிந்து காலடியில் கிடக்கக்கூடும். லட்சம் கிலோமீட்டர் தாங்கியது ஒரு நொடியில் ஏன் போனது?

பதிலைவிட, அடுத்து எழும் கேள்விதான் சுவையானது. முறிந்ததற்குப் பதிலாகத் தடிமனான, உயர்ரக எஃகில் செய்த ஆக்ஸிலை வாங்கியாயிற்று. ஆனால் அதன் முனை சக்கர ஹப்பின் துளைக்குள் நுழையவில்லை. ஹப்பைக் கடைந்து பெரிதாக்க வேண்டும். எவ்வளவு கடையலாம்? எதைத் தொடக்கூடாது? லேத் பட்டறையில் சில மணி நேர வேலையாகத் தெரியும் இந்த விஷயத்தில்தான் ஓட்டுநரின் உயிர் இருக்கிறது.

மாருதி 800 முதல் இன்றைய சிறிய கார்கள் பெரும்பாலானவை வரை, எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் குறுக்காக உட்கார்ந்து முன்சக்கரங்களையே சுழற்றுகின்றன. கியர்பாக்ஸிலிருந்து வலமும் இடமும் ஒவ்வொரு தண்டு சக்கரத்துக்குப் போகிறது. இதுதான் டிரைவ் ஷாஃப்ட். ஓட்டுதண்டு என்று தமிழில் சொல்லலாம். பட்டறைப் பேச்சில் ஆக்ஸில். பள்ளத்தில் மேலும் கீழும் ஆடுகிற, வளைவில் திரும்புகிற சக்கரத்துக்கு ஓட்டுதண்டு சுழற்சியை நிறுத்தாமல் தர வேண்டும். அதற்காக இரு முனையிலும் சி.வி. ஜாயிண்ட் எனப்படும் சமவேக மூட்டு இருக்கும். ஆறு குண்டுகள் வளைந்த பள்ளங்களில் உருளும் இதன் வடிவத்தை 1920களில் ஆல்ஃபிரெட் ஷெப்பா உருவாக்கினார். 1959இல் பிரிட்டனில் வந்த மினி கார் அதைச் சாதாரணக் குடும்பங்களுக்குக் கொண்டுபோனது. இந்தியாவில் அந்த வேலையைச் செய்தது 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800. அதுவரை இங்கே ஓடிய அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் பின்சக்கரத்தால் ஓடியவை.

வெளிப்பக்க மூட்டிலிருந்து நீளும் குட்டைத் தண்டுதான் ஹப்புக்குள் நுழைகிறது. அதன் மேற்பரப்பில் நெடுக்காகப் பற்கள் வெட்டியிருக்கும். ஹப்பின் துளைக்குள்ளும் அதற்கு எதிரான பற்கள். இரண்டும் கோத்துக்கொள்வதால் தண்டு சுழன்றால் ஹப்பும் சுழலும். இந்தப் பல்வரிசைதான் ஸ்ப்ளைன். மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவில் ஆரக்கால்கள் வந்து சேரும் இடத்தைக் குடம் என்பார்கள். காரின் ஹப்பும் அந்தக் குடம்தான். ஆனால் மாட்டுவண்டியின் குடம் அச்சைச் சுற்றிச் சும்மா உருண்டால் போதும். காரின் குடம் சக்கரத்தைச் சுமக்கவும் வேண்டும், எஞ்சினின் முறுக்கை வாங்கி டயருக்குத் தரவும் வேண்டும்.

அந்த முறுக்கு எவ்வளவு? மாருதி 800இன் எஞ்சின் தரும் அதிகபட்ச முறுக்குவிசை சுமார் 59 நியூட்டன் மீட்டர். முதல் கியரும் கடைசிப் பல்சக்கரமும் சேர்ந்து அதை 15 மடங்குக்கும் மேலாகப் பெருக்குகின்றன. இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு ஓட்டுதண்டுக்கும் 450 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். இப்போது சாலையிலிருந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்சக்கரம் ஒன்றின் மேல் 200 கிலோ எடை இருப்பதாகவும், சாதாரண டயர் காய்ந்த சாலையில் அந்த எடையில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குப் பற்றும் என்றும் வைத்துக்கொண்டால், கால் மீட்டர் ஆரமுள்ள அந்தச் சக்கரம் வழுக்காமல் தாங்கும் முறுக்கு சுமார் 440 நியூட்டன் மீட்டர். இரண்டு கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. அதற்கு மேல் முறுக்கினால் டயர் வழுக்கிவிடும். ஓட்டுதண்டுக்கு டயரின் வழுக்கல்தான் காப்பு.

பந்தயக் கார்கள் முதலில் கழற்றி எறிவது அந்தக் காப்பைத்தான். பள்ளங்கள் வெட்டாத ஸ்லிக் டயர், சூடேறியபின் தன்மேல் விழும் எடையைவிட அதிக விசையோடு தரையைப் பிடிக்கும். ஒன்றரை மடங்கு பிடித்தால் ஓட்டுதண்டும் ஒன்றரை மடங்கு முறுக்கைத் தாங்கியாக வேண்டும். இன்னும் கொடியது அதிர்ச்சி. அதிக வேகத்தில் சுழலும் ஃபிளைவீலில் சேர்ந்திருக்கும் ஆற்றல், கிளட்ச்சை விட்டதும் மொத்தமாகத் தண்டுக்குள் பாய்கிறது. தடத்தின் ஓரக்கட்டையில் ஏறித் துள்ளிய சக்கரம், காற்றில் வேகமாகச் சுழன்றபடியே தரையில் இறங்கும்போது சட்டென்று பிடிபடுகிறது. எஞ்சின் ஒருநாளும் தராத முறுக்கு அந்த ஒரு கணத்தில் தண்டின் வழியே ஓடிவிடும். லட்சம் கிலோமீட்டர் தாங்கிய தண்டு பந்தயத்தில் முறிவதற்குக் காரணம் இதுதான்.

தமிழ்நாட்டில் இந்த அனுபவத்துக்கு ஒரு வரலாறே உண்டு. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன், 1980களின் இறுதியில் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். மாருதி 800இன் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்துப் பின்சக்கரங்களை ஓட்டச் செய்தார். கடையில் கிடைக்கும் உதிரிபாகத்தில் பந்தயக் கார் செய்யலாம் என்று அவர் காட்டியதால்தான் நடுத்தரக் குடும்பத்து இளைஞர்கள் பந்தயத் தடத்துக்கு வர முடிந்தது. 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் தொடங்கியதும் ஃபார்முலா மாருதியில்தான். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிப்பாளையத்தில் சுமார் 2 கிலோமீட்டர் நீளத்தில் அமைந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. திருவனந்தபுரத்தில் அப்படியொரு தடம் கிடையாது. இந்த ஊரில் கார் தயாரிப்பவர் அதை லாரியில் ஏற்றி மலை தாண்டிக் கோவைக்கோ, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைக்கோ கொண்டுபோக வேண்டும். அவ்வளவு தூரம் போய், முதல் சுற்றில் ஆக்ஸில் முறிந்து திரும்புவது யாருக்கும் சகிக்காது. பலமான தண்டைத் தேடும் ஆர்வம் அங்கிருந்தும் வருகிறது.

பலம் என்பது தடிமனில் எப்படி இருக்கிறது? ஒரு ரூபாய்க் காசுகளை உயரமாக அடுக்கி, அடியிலிருக்கும் காசை அசையாமல் பிடித்து, மேல் காசைத் திருப்பினால் ஒவ்வொரு காசும் தனக்குக் கீழே உள்ளதைவிடச் சிறிது அதிகமாகத் திரும்பும். நடுப்புள்ளி இருந்த இடத்திலேயே நிற்கும். விளிம்புதான் அதிக தூரம் நகரும். முறுக்கப்படும் தண்டுக்குள்ளும் இதேதான். அச்சுக்கோட்டில் இருக்கும் எஃகு ஏறக்குறைய சும்மா இருக்கிறது. மேற்பரப்பில் உள்ள எஃகுதான் சறுக்கி நகரப் பார்க்கிறது. ஓர் அடுக்கை அடுத்த அடுக்கின் மேல் சறுக்கவைக்கும் இந்த விசையின் செறிவைப் பொறியியலார் சறுக்குத் தகைவு என்கிறார்கள். அது நடுவில் சுழியம், விளிம்பில் உச்சம்.

இதிலிருந்து கிடைக்கும் விதி வியப்பானது. தண்டின் விட்டத்தை 25 மி.மீ.யிலிருந்து 28 மி.மீ. ஆக்கினால் எடை கால் பங்கு கூடும். ஆனால் தாங்கும் முறுக்கு 40 சதவீதம் உயரும். வலு விட்டத்தின் மும்மடியாக ஏறுவதே காரணம். வளைந்துகொடுக்காத விறைப்போ நான்காம் மடியாக ஏறும். அது 57 சதவீதம் கூடிவிடும். இந்த நான்காம் மடி விதியை 1784இல் பிரான்சின் கூலும், உலோகக் கம்பிகளில் எடையைத் தொங்கவிட்டு, அவை முறுக்கி முறுக்கி ஆடும் நேரத்தை அளந்தே கண்டுபிடித்தார். இதையே திருப்பிப் போட்டால் இன்னொன்றும் தெரியும்: தண்டின் நடுவில் பாதி விட்டத்துக்குத் துளை போட்டால் எடை கால் பங்கு குறையும்; வலுவோ பதினாறில் ஒரு பங்குதான் குறையும். குழல் வடிவ ஓட்டுதண்டுகள் வந்தது இப்படித்தான்.

விளிம்புதான் சுமக்கிறது என்றால் விளிம்பை மட்டும் கடினமாக்கினால் போதாதா? கார் நிறுவனங்கள் செய்வது அதைத்தான். நடுத்தரக் கரிமம் உள்ள எஃகுத் தண்டைச் செம்புச் சுருளுக்குள் விட்டு, மாறுமின்சாரத்தால் மேல்தோலை மட்டும் சிவக்கச் சூடாக்கி, உடனே தண்ணீர் பீய்ச்சிக் குளிர்விக்கிறார்கள். தோல் கண்ணாடியைக் கீறும் அளவுக்குக் கடினமாகிறது. உள்ளே மென்மை அப்படியே இருக்கிறது. கடினமாகும்போது தோல் சற்று விரியப் பார்ப்பதால், அது எப்போதும் அமுக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும். விரிசல் வாய் திறக்க முதலில் அந்த அமுக்கத்தை வெல்ல வேண்டும். பட்டறையில் இந்தத் தண்டைக் கடைந்து ‘சைஸ்’ பண்ணுகிறவர்கள், தெரியாமல் அந்தத் தோலைத்தான் சீவி எறிகிறார்கள்.

இவ்வளவும் உள்ளே நடப்பது. வெளியிலிருந்து எப்படித் தெரிந்துகொண்டார்கள்? பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் ஒன்றே பாதி விடை சொல்லும். இரு முனையையும் பிடித்து, வளைக்காமல் முறுக்கி உடைத்தால், உடைந்த முகம் நேராக இருக்காது. திருகாணியைப் போல 45 பாகையில் சுற்றிக்கொண்டு போயிருக்கும். முறுக்கும்போது தண்டின் மேற்பரப்பில் அந்தச் சாய்வுத் திசையில்தான் இழுவிசை உச்சத்தில் இருக்கிறது; சாக்பீஸ் இழுவிசைக்குப் பயந்த பொருள். மென்மையான எஃகை முறுக்கி முறித்தால் அப்படி வராது. சறுக்கிச் சறுக்கி, கத்தியால் வெட்டியதுபோலக் குறுக்கே நேராக விட்டுப்போகும். முறிந்த ஓட்டுதண்டைக் கையில் வாங்கியதும் அனுபவசாலி முதலில் பார்ப்பது இந்த முகத்தைத்தான். முறிவுக்கு முன்பே பற்கள் கயிறுபோல முறுக்கிக்கொண்டிருந்தால், ஒரே அடியில் தாங்க முடியாத முறுக்கு வந்திருக்கிறது. பற்களின் அடியிலிருந்து கிளம்பிய விரிசல்கள் நடுவை நோக்கி நட்சத்திர வடிவில் கூடியிருந்தால், முன்னும் பின்னுமாகப் பலமுறை முறுக்கப்பட்டு மெல்ல மெல்லச் செத்திருக்கிறது. முதல் வகைக்குத் தடிமன் மருந்து. இரண்டாவதற்குத் தடிமனைவிடப் பற்களின் அடிமூலையைக் கூர்மையில்லாமல் வளைத்து வெட்டுவதே மருந்து. முறிந்ததைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதை வாங்குகிறவர் இந்த வேறுபாட்டை அறியவே மாட்டார்.

எஃகைப் பொறுத்தவரை திருவனந்தபுரத்துக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய கடற்கரையில்தான் இன்று விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் இருக்கிறது. அங்கே உருவான பி.எஸ்.எல்.வி. ராக்கெட் 1993இல் முதன்முதலாகப் பறந்தது. அதன் முதல் கட்டத்துக்கு 2.8 மீட்டர் விட்டமுள்ள கூட்டைச் செய்ய மராஜிங் என்ற எஃகு தேவைப்பட்டது. ஹைதராபாத்தின் மிதானி நிறுவனம் அதை நாட்டிலேயே தயாரித்தது. சுமார் 18 சதவீதம் நிக்கல், கரிமம் ஏறக்குறைய இல்லை. சாதாரணக் கட்டட எஃகு 250 மெகாபாஸ்கல் தகைவில் வளையத் தொடங்கும் என்றால் இது 1,700 வரை நிற்கும். அதைவிட அழகான குணம் ஒன்று உண்டு. உலையில் வைப்பதற்கு முன் இதை லேத்தில் சிரமமில்லாமல் கடையலாம். பற்களெல்லாம் வெட்டி முடித்தபின் 480 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சில மணி நேரம் வைத்தால் கடினமாகிவிடும். அளவு மாறுவதோ மிகச் சொற்பம். உயர்ரகப் பந்தயத் தண்டுகளைச் செய்பவர்கள் இந்த எஃகை விரும்புவது இதனால்தான். விமானத்தின் தரையிறங்கு கால்களுக்குப் பயன்படும் 300எம் என்ற எஃகையும் அவர்கள் விரும்புகிறார்கள். பட்டறைகளில் கைக்கு எட்டும் நல்ல எஃகு இ.என். 24. நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த அது, 300எம்முக்கு உறவுமுறை.

இனி ஹப். தண்டு வெறும் முறுக்கை மட்டும் சுமக்கிறது. ஹப்பின் நிலைமை வேறு. காரின் எடை அதை மேலிருந்து அழுத்துகிறது. வளைவில் திரும்பும்போது டயரின் பக்கவிசை அதை வளைக்கப் பார்க்கிறது. பிரேக் டிஸ்க் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஹப்பின் கழுத்து பேரிங்குக்குள் நுழைந்து நிற்க, தண்டின் நுனியில் இறுக்கும் பெரிய நட்டுதான் பல கார்களில் பேரிங்கின் இரு உள்வளையங்களையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடிக்கிறது. ஆக்ஸிலைக் கழற்றிவிட்டு வண்டியைத் தள்ளினால் பேரிங் கெட்டுப்போகும் என்று மெக்கானிக்குகள் எச்சரிப்பது இதனால்தான். ஆக, ஹப்பின் துளை வெறும் துளை அல்ல. ஒருபுறம் பல்வரிசை, மறுபுறம் பேரிங் இருக்கை, இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் சுவர்.

பேரிங் உட்காரும் கழுத்தின் வெளிவிட்டம் 40 மி.மீ., துளை 25 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் சுவர் ஏழரை மி.மீ. துளையை 28 ஆக்கினால் சுவர் ஆறு மி.மீ. ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டதே என்று தோன்றும். ஆனால் வளைவை எதிர்க்கும் வலுவில் குறைவது பத்து சதவீதம்தான். அச்சுக்கு அருகிலுள்ள எஃகு அதிகம் உழைப்பதில்லை என்ற அதே விதி இங்கே துணைக்கு வருகிறது. இந்தக் கணக்கைப் பார்த்து மயங்குவதில்தான் ஆபத்து இருக்கிறது. கணக்கு வழவழப்பான குழலுக்குப் போட்டது. உண்மையான துளையில் முப்பதுக்கு அருகில் பற்கள் இருக்கும்; ஒவ்வொரு பல்லின் அடியிலும் ஒரு மூலை. மூலை கூர்மையாக இருந்தால் தகைவு அங்கே இரண்டு, மூன்று மடங்காகக் குவியும். பத்து சதவீதம் பறிபோனது பெரிதல்ல; கூர்மூலை பறித்துக்கொள்வதுதான் பெரிது.

பற்களை வெட்டும் முறை எதுவென்பது அதனால் முக்கியமாகிறது. தொழிற்சாலையில் புரோச் என்ற நீண்ட கம்பியைத் துளை வழியே ஒரே இழுப்பில் இழுப்பார்கள். அதிலுள்ள ஒவ்வொரு வரிசைப் பல்லும் முந்தையதைவிடச் சற்று உயரம். கடைசி வரிசை வெளியேறும்போது ஸ்ப்ளைன் தயார். லட்சக்கணக்கில் செய்பவருக்கு அது மலிவு. இரண்டே ஹப் வேண்டியவர் அந்தக் கம்பியின் விலைக்கு இன்னொரு கார் வாங்கலாம். பட்டறைக்காரர் ஸ்லாட்டிங் மெஷினில், பாகை பிரிக்கும் தலையில் ஹப்பை மாட்டி, ஒவ்வொரு பல்லாக வெட்டுவார். பொறுமை மிகுந்த வேலை. ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சிறிது பிசகினாலும் எல்லாப் பற்களும் ஒரேபோலச் சுமை ஏற்காது. நல்ல ஸ்ப்ளைனிலேயே பாதிப் பற்கள்தான் சுமக்கின்றன என்று வைத்துத்தான் வடிவமைப்பாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். பிசகான ஸ்ப்ளைனில் நாலைந்து பற்கள் எல்லாவற்றையும் தாங்கும். அவை நசுங்கியபின் அடுத்த நாலைந்து. தளர்வாகக் கோத்த ஸ்ப்ளைன் உரசி உரசித் துருநிறத்தில் ஒரு பொடியை உமிழும். கழற்றும்போது அந்தச் செம்பொடி தெரிந்தால் பொருத்தம் சரியில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது வழி வயர் கட். கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள பித்தளைக் கம்பி தண்ணீருக்குள் ஓட, கம்பிக்கும் ஹப்புக்கும் இடையே தெறிக்கும் மின்பொறிகள் எஃகை அணு அணுவாக அரித்தெடுக்கின்றன. எஃகு எவ்வளவு கடினமானாலும் கவலையில்லை. அழுத்தமே கொடுக்காததால் ஹப் நெளியாது. ஒன்றிரண்டு ஹப்புகளுக்கு இதைவிடச் சிறந்த வழி அரிது. ஆனால் பொறி பட்ட இடத்தில் உருகி உறைந்த மெல்லிய படலம் ஒன்று மிஞ்சும். சில மைக்ரான் தடிமன்தான். ஆனால் நொறுங்கும் இயல்புடையது. விரிசல் பிறப்பதற்கு ஏற்ற இடம். குறைந்த மின்சாரத்தில் இன்னும் ஓரிரு முறை மேலோட்டமாக ஓட்டி அதை நீக்கச் சொல்ல வேண்டும். கேட்டால்தான் செய்வார்கள், கேட்பவர் குறைவு.

வெட்டுவதற்கு முன் ஹப்பை மெஷினில் நிறுத்துவதில்தான் கைத்திறன் தெரியும். நான்கு தாடைச் சக்கில் பிடித்து, டயல் கேஜின் முள்ளை ஹப்பின் மேல் வைத்துக் கையால் மெல்லச் சுழற்றி, முள் ஆடும் பக்கத்துத் தாடையைத் தளர்த்தி, எதிர்த் தாடையை இறுக்கி, மறுபடி சுழற்றிப் பார்ப்பார்கள். முள்ளை எங்கே வைப்பது என்பதே கேள்வி. வெளியே தெரியும் வட்டத் தட்டின் விளிம்பில் வைப்பது சுலபம். அது பெரும்பாலும் கரடான வார்ப்பு விளிம்பு. பேரிங் உட்காரும் கழுத்தில் வைத்தால்தான் புதிய துளை பேரிங்கோடு ஒரே அச்சில் அமையும். டிஸ்க் உட்காரும் முகம் 0.05 மி.மீ.க்கு மேல் ஆடினாலே சில ஆயிரம் கிலோமீட்டரில் பிரேக் மிதிக்கும்போது ஸ்டீயரிங் உதறத் தொடங்கும். வெட்டிய பல்வரிசையின் அளவைக் காலிப்பரால் எடுக்க முடியாது. எதிரெதிர் இடைவெளிகளில் இரண்டு துல்லியமான சிறு உருளை ஊசிகளைச் செருகி, ஊசிகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளக்க வேண்டும்.

இன்னொரு எளிய வழியும் புழக்கத்தில் உண்டு: துளையைப் பெரிதாகக் கடைந்து, உள்ளே பற்களுள்ள ஒரு குழாயைச் செருகி வெல்டிங் வைத்துவிடுவது. இதைச் செய்யவே கூடாது. நடுத்தரக் கரிம எஃகில் வெல்டிங் பட்ட இடத்தின் ஓரம் வேகமாகக் குளிர்ந்து நொறுங்கும் தன்மை அடைகிறது. அந்த ஓரம் சரியாக, ஹப் வளைந்து சுழலும் கழுத்தில் வந்து அமையும். பேரிங்கும் ஹப்பும் ஒரே துண்டாக வரும் புதிய கார்களில் கடைவதற்கு இடமே கிடையாது. அங்கே பெரிய காரின் ஹப்பை எடுத்துத் தட்டையும் போல்ட் துளைகளையும் மாற்றி அமைப்பதோ, இ.என். 24 கட்டியிலிருந்து புதிதாகச் செய்துகொள்வதோதான் வழி.

வளைந்தபடி சுழல்வது ஏன் இவ்வளவு மோசம்? 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு வந்துகொண்டிருந்த ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, தீப்பிடித்து, 50க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நல்ல இரும்பு திடீரென்று ஏன் முறிகிறது என்று ஐரோப்பாவே கேட்டது. ஜெர்மன் ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர், பல ஆண்டுகள் அச்சுகளையும் மாதிரித் துண்டுகளையும் எடைகட்டிச் சுழலவிட்டுப் பார்த்தார். ஒரே அடியில் முறிக்கத் தேவைப்படும் விசையில் ஒரு பங்கே இருந்தாலும், லட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வந்தால் எஃகு முறியும் என்று நிறுவினார். ஒரு வரம்புக்குக் கீழே போனால் எத்தனை முறை சுழன்றாலும் முறியாது என்றும் கண்டார். உலோகக் களைப்பு என்று இன்று அழைக்கப்படுவது இதுதான். சுழலும் ஹப்பின் மேல்தோல் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை இழுபட்டு ஒருமுறை அமுங்குகிறது. கால் மீட்டர் ஆரமுள்ள சக்கரம் 100 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 64,000 முறை சுழலும். 16 மணி நேரத்தில் 10 லட்சம். ஓட்டுதண்டுக்கு ஒரு பந்தயத்தில் வரும் பெரிய முறுக்குகளை எண்ணிவிடலாம். ஹப்புக்கு வருவதை எண்ண முடியாது.

இந்த வேறுபாட்டை வைத்துத்தான் முழு வேலையையும் எடைபோட வேண்டும். ஓட்டுதண்டு முறிந்தால் கார் நகராமல் நிற்கும். பந்தயம் போகும், ஆள் பிழைப்பார். ஹப் முறிந்தால் சக்கரமும், பல கார்களில் பிரேக்கும் சேர்ந்து கழன்று போகும். அதுவும் பெரும்பாலும் வளைவின் நடுவே, வேகத்தில். தண்டைப் பலமாக்க ஹப்பைப் பலவீனமாக்குவது, சிறிய ஆபத்தைக் கொடுத்துப் பெரிய ஆபத்தை வாங்கும் வியாபாரம். கியர்பாக்ஸிலிருந்து டயர் வரை ஒரு சங்கிலி போகிறது; அதில் ஏதோ ஒன்று முதலில் உடையத்தான் செய்யும். அது எது என்று தீர்மானிப்பது கார் கட்டுகிறவரின் பொறுப்பு. முறுக்கை இரு தண்டுகளுக்கும் பிரிக்கும் டிஃபரன்ஷியல் உடைந்தால் செலவு அதிகம், ஹப் உடைந்தால் உயிர் போகும். ஆகவே மலிவானதும் ஆபத்தில்லாததுமான ஓட்டுதண்டே உடைய வேண்டும். ஆனால் இன்றைக்கு உடைவதைவிட இன்னும் தாமதமாக.

தேர்ந்த தண்டுத் தயாரிப்பாளர்கள் இதை வடிவத்திலேயே எழுதிவைக்கிறார்கள். நல்ல பந்தயத் தண்டின் இடுப்பு, முனையிலுள்ள பற்களின் அடிவிட்டத்தைவிட மெலிந்திருக்கும். பார்ப்பவருக்கு இது பலவீனமாகத் தோன்றும். உண்மையில், முறுக்கு நீளமான வழவழப்பான இடுப்பு முழுக்கப் பரவுவதால், பற்களின் மூலையில் குவிவதில்லை. இடுப்பு சற்று முறுக்கிக்கொடுத்து, கிளட்ச்சின் அதிர்ச்சியை விழுங்கிக்கொள்கிறது. அப்படி ஒரு தண்டு அமைந்தால், சில நேரங்களில் ஹப்பைத் தொடவே தேவையிருக்காது: அதே விட்டம், அதே பல், உயர்ந்த எஃகு, சரியான இடுப்பு. ஹப்பைக் கடையும் முன் இந்த வழி இருக்கிறதா என்று தேடுவதே புத்திசாலித்தனம்.

நேர் எதிரான சிக்கலும் திருவனந்தபுரத்தில் ஆராயப்பட்டது. பார்ட்டன் ஹில் அரசுப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 2022இல் ‘வண்டி’ என்று பெயர் வைத்த மின்வாகனத்தைச் செய்து, இந்தோனேசியாவின் மண்டலிகா தடத்தில் நடந்த ஷெல் எக்கோ-மாரத்தான் போட்டிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே போட்டி வேகத்துக்கல்ல. குறைந்த ஆற்றலில் அதிக தூரம் போவதற்கு. அப்படிப்பட்ட வாகனத்தில் தேவைக்கு மேல் தடிமனான ஒவ்வொரு தண்டும் வீண் சுமை. இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: இந்த இடத்தில் உண்மையில் எவ்வளவு முறுக்கு வருகிறது?

அதை ஊகிக்க வேண்டியதில்லை, அளக்கலாம். முடியைப் போன்ற மெல்லிய உலோக வரி பதித்த திரிபுமானியைத் தண்டின் மேல் 45 பாகைச் சாய்வில் ஒட்டுவார்கள். இழுவிசை உச்சத்தில் இருக்கும் திசை அதுவே. தண்டு முறுக்கும்போது அந்த வரி நீண்டு, அதன் மின்தடை மாறும். சுழலும் தண்டிலிருந்து அந்த மாற்றத்தைக் கம்பியில்லாமல் அனுப்பினால், எந்த வளைவில், எந்த கியரில், எவ்வளவு முறுக்கு வந்தது என்று தாளில் வரைந்து பார்க்கலாம். அதற்கு வசதியில்லாத பட்டறைகளில், மாட்டும் முன் தண்டின் நெடுக்கில் வெள்ளைப் பெயின்ட்டால் நேர்க்கோடு ஒன்று போட்டுவைப்பார்கள். பந்தயம் முடிந்து கழற்றும்போது கோடு சற்றே திருகியிருந்தால் தண்டு தன் எல்லையைத் தாண்டிவிட்டது. அடுத்த பந்தயத்துக்கு அது வேண்டாம். ஹப்புக்கு அந்தக் கோடு உதவாது. அதைக் கழுவித் துடைத்து, சிவப்புச் சாயம் தெளித்து, மேற்பரப்பைத் துடைத்தபின் வெள்ளைப் பொடி தூவுவார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால், உள்ளே போன சாயம் ஊறி வெள்ளையின் மேல் மெல்லிய சிவப்புக் கோடாக எழும்பும். அந்தக் கோட்டைப் பல்வரிசை முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில் முதலில் தேட வேண்டும். கோடு தெரியாவிட்டாலும், குறித்துவைத்த மணிக்கணக்கு முடிந்ததும் ஹப்பை மாற்றிவிட வேண்டும்.